வீட்டுக்குள் காய்ந்த காக்கிச் சட்டை: கலவரக் காலத்துப் போலீஸ் துப்பறிவாளர்களில் யாரைப் படிக்கலாம்?

1993 ஜனவரியில், மும்பையில் இந்து-முஸ்லிம் கலவரம் நடந்தபோது, எனக்கு 11 வயது. தாராவியில், 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சால் வீட்டில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பில், இருந்தோம். எங்கள் வரிசையில் கடைசி அறை ஒரு ஹவல்தாருடையது. மராட்டிக்காரர். காகா என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியை மௌஷி என்று. ஊரடங்கு நாட்களில் ஒரு காலை, அம்மா கொடுத்தனுப்பிய ரசத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மௌஷி கதவை ஒரு சாண் திறந்து பார்த்துவிட்டு, என்னை உள்ளே இழுத்துத் தாழ் போட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் காகாவின் காக்கிச் சட்டை தொங்கியது. துவைத்துப் போட்ட ஈரம். கீழே ஒரு அலுமினியத் தட்டு வைத்திருந்தார்கள். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். எல்லார் வீட்டுத் துணியும் கொடியில் காய்ந்தது. இந்தச் சட்டை மட்டும் வீட்டுக்குள் காய்ந்தது.

சந்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அவர் போலீஸ் என்று தெரியும். மௌஷிக்குப் பயம் சந்துக்காரர்களிடம் இல்லை, இரவில் வெளியிலிருந்து வருகிறவர்களிடம்தான். காகா வேலைக்குக் கிளம்பும்போதும் கோடு போட்ட சாதாரணச் சட்டையில்தான் போவார். காக்கி மடித்து நைலான் பைக்குள் இருக்கும்.

கலவரமும் அரசியல் கொலையும் நடந்த காலத்தில் வைத்து எழுதிய போலீஸ் துப்பறியும் நாவல் எங்கே கண்ணில் பட்டாலும் நான் எடுத்துவிடுவதற்கு அந்தச் சட்டைதான் காரணம். கொலைகாரன் யார் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. விசாரிக்கிற ஆள் வேலை முடிந்து எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறான், அங்கே அவனை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

இப்போது இதை உட்கார்ந்து எழுதக் காரணம், மாட்டுங்காவில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, மழைக்காலத்துக்கு நாலு கூட்டம், நாலு புத்தகம். இந்த முறை சரித்திரப் பின்னணியில் ஒரு போலீஸ் துப்பறிவாளர் என்று முடிவாகி, யாரை எடுப்பது என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. வட்டத்தில் ஒன்பது பேர். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவரிலிருந்து கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் வரை இருக்கிறோம். இரண்டு பேருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். எல்லாரும் வேலைக்குப் போகிற வண்டியில் நின்றுகொண்டு படிக்கிறவர்கள். அதனால் தலையணை தடிமனில் புத்தகம் வேண்டாம் என்பது பொது நிபந்தனை.

தமிழில் ஏன் தேடவில்லை என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் கொண்டாடிய துப்பறிவாளர்களில் பெரும்பாலானவர்கள் காக்கி போடாதவர்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தனி ஆள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் சொந்தமாக ஏஜென்சி நடத்துகிறவர்கள். சரித்திரம் என்று வந்துவிட்டால் நமக்குக் குதிரையும் கோட்டையும்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். வாஞ்சியை நமக்குத் தெரியும், ஆஷையும் தெரியும். அந்த வழக்கில் வீடு வீடாகப் போய்ச் சோதனை போட்ட ஒரு தமிழ்ப் போலீஸ்காரர், ராத்திரி வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன பேசியிருப்பார்? அதை யாராவது நாவலாக எழுதினால் முதல் பிரதி நான் வாங்குவேன். அதுவரை ஆங்கிலத்தில் எழுதியவர்களிடமும் ஆங்கிலத்துக்கு வந்தவர்களிடமும்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆறு தொடர்களை எடுத்துக்கொண்டேன். இரண்டு பெர்லின்காரர்கள், ஒரு இத்தாலியர், கல்கத்தாவில் ஒரு ஜோடி, நம்ம பம்பாய்ப் பெண் ஒருத்தி, வட அயர்லாந்தில் ஒருவன்.

வட்டத்தில் பாதிப் பேர் சொல்லும் முன்பே பெர்சிஸ் வாடியாவுக்குக் கை தூக்கிவிட்டார்கள், அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன். வசீம் கான் எழுதும் தொடர் இது. லண்டனில் பிறந்தவர், சுமார் பத்து வருஷம் மும்பையில் வேலை பார்த்தவர். முதல் நாவல் 'மிட்நைட் அட் மலபார் ஹவுஸ்' 2020ல் வந்தது. 2021ல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் சரித்திரக் குற்றக் கதைக்குத் தரும் டாகர் விருதையும் வாங்கியது. கதை 1949ஆம் வருஷத்தின் கடைசி ராத்திரியில் தொடங்குகிறது. குடியரசு ஆக இன்னும் நாலு வாரம்கூட இல்லை. நாட்டின் முதல் பெண் இன்ஸ்பெக்டர் என்று கற்பனை செய்யப்பட்ட பெர்சிஸை, வேறு எங்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதிகாரிகளைக் கொண்டு போய்த் தள்ளும் ஒரு நிலையத்தில் போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் ஒரு பெண் ஐ.பி.எஸ். ஆக 1972ல் கிரண் பேடி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், அந்த ராத்திரி ஷிப்டில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பதன் கனம் தெரியும். போன் வருகிறது. ஒரு ஆங்கிலேய அதிகாரி தன் வீட்டுப் புத்தாண்டு விருந்திலேயே கொல்லப்பட்டிருக்கிறார். செத்தவர் பிரிவினைக் காலத்துக் குற்றங்களை விசாரிக்கும் வேலையில் இருந்தவர்.

மும்பைக்காரருக்கு இந்தத் தொடர் தரும் சந்தோஷம் தனிதான். இரண்டாவது நாவலில் ஹார்னிமன் சர்க்கிளில் இருக்கும் ஏஷியாடிக் சொசைட்டியிலிருந்து தாந்தேயின் பழைய கையெழுத்துப் பிரதி காணாமல் போகிறது. அந்தப் பிரதி நிஜமாகவே அங்கே இருக்கிறது. முசோலினி அதற்கு விலை பேசி, சொசைட்டி தர மறுத்துவிட்டதாக ஒரு கதையும் ஊரில் உண்டு. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்ட எல்லாருக்கும் அந்த நாவல் பிடிக்கும்.

பெர்சிஸ் திரும்பிப் போகிற இடம் அப்பாவின் புத்தகக் கடை. சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பா, ஊர்ப்பட்ட புத்தகம், பார்சி உறவுகளின் கல்யாணப் பேச்சு. அவள் போலீஸ் ஆனதில் வீட்டுக்கு வருத்தம் உண்டு, ஆனால் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அவளுக்குச் சண்டை ஸ்டேஷனுக்குள், ஆண்களோடு. அது உண்மையான சண்டை, கான் அதை நன்றாகவே எழுதுகிறார். ஆனால் வன்முறை இங்கே பழைய ரணமாக மட்டும் வருகிறது. பிரிவினையின் பிணங்கள் கோப்புகளில், சாட்சிகளின் நினைவில், பஞ்சாபிலிருந்து வந்தவர்களின் பேச்சில் இருக்கின்றன. அவள் நடக்கிற தெரு எரியவில்லை. கல்லூரி மாணவிக்கு இதைத் தனியாகப் படிக்கக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வட்டத்தின் நாலு மாதத்தையும் இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பெர்லினுக்கு வருவோம். ஹிட்லர் காலத்து பெர்லின் போலீஸ் என்றால் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் பிலிப் கெர்ரின் பெர்னி குந்தர். முதல் நாவல் 1989ல் வந்தது. கெர் 2018ல் இறந்தார், கடைசி நாவல் மறு வருஷம் வெளியானது. மொத்தம் 14. பெர்னி கொலைப் பிரிவில் வேலை பார்த்தவன், நாஜிகள் வந்ததும் விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறான். முதல் கதை 1936 ஒலிம்பிக் சமயம். இரண்டாவது கதையில், 1938ல், நாஜிப் பாதுகாப்புப் போலீஸின் தலைவன் ஹெய்ட்ரிக்கே கூப்பிட்டு மறுபடி வேலையில் சேர் என்கிறான். அது கேள்வி மாதிரி இருக்கும் கட்டளை. அதிலிருந்து பெர்னிக்கு மீட்சி இல்லை. நாஜிகளைப் பிடிக்காது, ஆனால் அவர்களின் சீருடையில் போர்முனை வரை போகிறான். 1943ல் ரஷ்யாவின் காட்டின் (Katyn) என்ற இடத்துக் காட்டில், சோவியத் ரகசியப் போலீஸ் கொன்ற போலந்து அதிகாரிகளின் பிணங்கள் தோண்டி எடுக்கப்படும்போது, ஜெர்மன் ராணுவத்தின் போர்க்குற்ற விசாரணை அலுவலகத்துக்காக வேலை செய்கிறான். அப்படி ஒரு அலுவலகம் நிஜமாகவே இருந்தது. லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருந்த அரசு, எதிரி செய்த கொலைக்கு முறைப்படி சாட்சி எடுத்துக் கோப்பு போட்ட இடம் அது. அந்த நாவலைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனாலும் பெர்னியை நான் பரிந்துரைக்கவில்லை. வாய்க்கு வாய் எகத்தாளம். முதல் இரண்டு புத்தகத்தில் அது தற்காப்பாகத் தெரிகிறது, ஐந்தாவது புத்தகத்தில் பழக்கமாகிவிடுகிறது. கோயபல்ஸ், ஹெய்ட்ரிக் போன்ற ஒவ்வொரு பெரிய தலையும் இவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் அலுக்கிறது. எல்லாவற்றையும்விட, அவனுக்கு ஒரு தெருவே இல்லை. ஹோட்டல், வாடகை அறை, சிறை, ரயில், வேறு நாடு. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று 14 நாவல் படித்தும் எனக்கு நினைவில்லை.

இன்னொரு பெர்லின்காரன் கெரெயோன் ராத். ஃபோல்கர் குட்ஷர் ஜெர்மனில் எழுதிய பத்து நாவல்கள். 'பாபிலோன் பெர்லின்' என்ற தொலைக்காட்சித் தொடர் வழியாக இங்கேயும் பல பேருக்குத் தெரியும். 1929ல் தொடங்கி, கிட்டத்தட்ட நாவலுக்கு ஒரு வருஷம் என்று 1938 வரை போகிறது. முதல் கதையின் பின்னணி 1929 மே தினம். தடையை மீறி ஊர்வலம் போன கம்யூனிஸ்ட்கள் மீது போலீஸ் சுட்டு, சில நாட்களில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது போலீஸ் தலைவராக இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். கொலைப் பிரிவின் தலைவராக வரும் எர்ன்ஸ்ட் கென்னாட்டும் நிஜ மனிதர், கேக் பிரியர், ஆள் பருமனுக்கு 'புத்தர்' என்று பட்டப்பெயர். தடயம் சேகரிக்கக் கருவிகளோடு தனி வண்டியை ஓடவிட்டவர்.

இந்தத் தொடரின் பலம் அதன் நிதானம். ராத் கெட்டவன் இல்லை; பதவி உயர்வு வேண்டும், அரசியல் வேண்டாம், இந்த நாஜிக் கும்பல் ஆறு மாதத்தில் போய்விடும் என்று நினைக்கிறவன். நாமும் அலுவலகத்தில் அப்படிப் பேசிக் கேட்டதுதானே. 1933 மார்ச் தேர்தலுக்குப் பிறகு அவசர அவசரமாக நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்களை ஊர் கேலியாக 'மார்ச் மாதத்து வயலெட் பூக்கள்' என்றும் 'மார்ச்சில் வீழ்ந்தவர்கள்' என்றும் சொன்னது. கெர் முதல் சொல்லை ஒரு நாவலுக்குத் தலைப்பாக வைத்தார், குட்ஷர் இரண்டாவதை வேறொரு நாவலுக்கு வைத்தார். கெர்ரின் கதை 1936ல் நடக்கிறது, பூத்தவர்கள் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். குட்ஷர் அந்த மார்ச்சிலேயே நம்மை நிறுத்தி, நேற்று வரை கூட வேலை பார்த்தவர் இன்று சட்டையில் கட்சிச் சின்னம் குத்திக்கொண்டு வருவதைக் காட்டுகிறார். இந்த ஒரு விஷயத்தில் குட்ஷர் கெர்ரைவிடப் பல படி மேல். ஆனால் ஒவ்வொரு புத்தகமும் செங்கல் கனம். நின்றுகொண்டு படிக்கிற கூட்டத்துக்கு ஆகாது. பத்தையும் வரிசையாகப் படித்தால்தான் அந்த மெதுவான சறுக்கல் புரியும், நாலு மாதத்தில் அது நடக்காது.

இத்தாலியர் தெ லூக்கா. கார்லோ லுக்கரெல்லி எழுதிய முதல் மூன்றும் குட்டி நாவல்கள், ஒவ்வொன்றையும் இரண்டு நாள் பயணத்தில் முடித்துவிடலாம். 1945 ஏப்ரல், முசோலினியின் கடைசி வாரங்கள். தெ லூக்கா அரசியல் போலீஸிலிருந்து சாதாரணப் போலீஸுக்கு மாறி வந்திருக்கிறான். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் போலீஸ்காரன் என்று மட்டும் சொல்வான். அடுத்த கதையில் பொய்க் காகிதத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறான்; பாசிஸ்டுகளை எதிர்த்துப் போராடிய படையைச் சேர்ந்த ஒரு இளம் போலீஸ்காரன் அவனை அடையாளம் கண்டு, காட்டிக்கொடுக்காமல், ஒரு கொலையைக் கண்டுபிடிக்க உதவி கேட்கிறான். மூன்றாவது, 1948 தேர்தல் சமயத்து பொலோன்யா. அரசு மூன்று முறை மாறுகிறது, ஆள் அதே ஆள். அருமையான புத்தகங்கள். இவனும் வீடில்லாதவன்தான், ஆனால் இங்கே வீடில்லாததே கதையாக இருக்கிறது. மூன்றையும் யாராவது ஒரே மாதத்தில் தனியாகப் படித்துவிட்டு வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்புறம் கல்கத்தா. இங்கேதான் எனக்கு ரொம்ப நேரம் தடுமாற்றம்.

அபிர் முகர்ஜி கணக்காளராக இருந்து எழுத வந்தவர். நானும் பேரேடு பார்த்துச் சம்பாதிக்கிறவள் என்பதால் கொஞ்சம் கூடுதல் பிரியம். முதல் நாவல் 'எ ரைசிங் மேன்', 2016. கதை நடப்பது 1919 ஏப்ரல். ரவுலட் சட்டத்தின் சூடு, ஜாலியன்வாலா பாக் செய்தி வந்து சேரும் நாட்கள். ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த கேப்டன் சாம் விண்டம், போரில் அடிபட்டவன், மனைவியை இழந்தவன், அபினுக்கு அடிமை. ஒரு பெரிய வெள்ளைக்கார அதிகாரி சந்தில் கழுத்தறுபட்டுக் கிடக்கிறார், வாயில் திணித்த காகிதத்தில் வங்காளத்தில் எச்சரிக்கை. விண்டமுக்குக் கீழே சார்ஜென்ட் சுரேந்திரநாத் பானர்ஜி. கேம்பிரிட்ஜில் படித்த வசதியான வீட்டுப் பையன். வெள்ளை அதிகாரிகளின் நாக்கில் சுரேந்திரநாத் வராததால் 'சரண்டர்-நாட்' ஆகிவிட்டான். சரணடையாதே என்று பெயர், வேலையோ ராஜாங்கத்தின் போலீஸில்.

ஏன் இந்த வேலை என்று விண்டம் கேட்கும்போது பானர்ஜி சொல்கிற பதில் என்னோடு ரொம்ப நாள் இருந்தது. ஒரு நாள் நீங்கள் போய்விடுவீர்கள், அன்றைக்கு எங்களுக்கும் வேலை தெரிந்த போலீஸ்காரர்கள் வேண்டும் என்கிற பொருளில் சொல்வான். அவன் சொன்ன மாதிரியேதான் நடந்தது. அந்தக் கட்டிடமும் சட்டமும் லத்தியும் நமக்கு வந்தன. கூட எதெல்லாம் வந்தது என்பதை 1992 டிசம்பரும் 1993 ஜனவரியும் எங்களுக்குக் காட்டின. அந்த இரண்டு மாதத்தில் இந்த ஊரில் 900 பேர் செத்தார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்குச் சொன்னது. 1998ல் வெளியான அதன் அறிக்கை போலீஸார் பலரின் நடத்தையை வெளிப்படையாகக் கண்டித்தது. பானர்ஜியின் பதிலை நான் அதோடு சேர்த்துத்தான் படிக்கிறேன்.

அவனுக்கு வீடு உண்டு, போக முடியாது. குடும்பம் காங்கிரஸ் பக்கம், ஊரே கதர் பக்கம். இவன் பிரேம்சந்த் போரால் தெருவில் விண்டமோடு ஒரே வீட்டில் தங்குகிறான். மூன்றாவது நாவல் 1921 டிசம்பர், வேல்ஸ் இளவரசர் வருகை, ஒத்துழையாமை உச்சத்தில். சித்தரஞ்சன் தாஸே கதையில் வருகிறார். தடியோடு நிற்கிற வரிசையில் பானர்ஜி, எதிர்வரிசையில் அவன் சொந்தக்காரர்களைப் போன்றவர்கள். காகாவின் சட்டை இங்கேயும் காய்கிறது.

பிறகு எங்கே இடிக்கிறது என்றால், கதை சொல்கிறவன் விண்டம். முதல் நாலு நாவலிலும் பானர்ஜியை விண்டமின் கண்ணால்தான் பார்க்கிறோம். விண்டமுக்கு அவன் மேல் உண்மையான அன்பு உண்டு, ஆனால் பானர்ஜி ராத்திரி விழித்துக்கொண்டு என்ன நினைக்கிறான் என்பது விண்டமுக்குத் தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. அபின் குகைக்கு நாலு தடவை போகிறோம், பானர்ஜியின் அம்மா சமையலறைக்குள் போக முடியவில்லையே என்று எனக்கு ஆதங்கம். ஐந்தாவது நாவல் 'தி ஷேடோஸ் ஆஃப் மென்' இதைச் சரி செய்கிறது. 1923. ஒரு இந்து மதப் பெரியவர் கொலை, கொலை நடந்த இடத்தில் பிடிபடுகிறவன் பானர்ஜி, ஊரில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடிக்கிற நிலை. முதன்முறையாகப் பாதிக் கதையைப் பானர்ஜியே சொல்கிறான். தடம் பம்பாய் வரைக்கும் வருகிறது. இந்த ஐந்தாவதை முன்கதை தெரியாமலே படிக்கலாம், நான் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்துவிட்டேன்.

கடைசியாக ஷான் டஃபி. என் ஓட்டு இவனுக்குத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1981, வட அயர்லாந்து. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கர்களுக்கும் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டன்ட்களுக்கும் சண்டை நடந்த காலம். ஏட்ரியன் மெக்கின்டியின் முதல் டஃபி நாவல் 'தி கோல்ட் கோல்ட் கிரவுண்ட்' 2012ல் வந்தது. பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் கைதி பாபி சாண்ட்ஸ், சிறையில் உண்ணாவிரதம் இருந்து மே 5 அன்று செத்தார். பட்டினி கிடக்கும்போதே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆகஸ்டுக்குள் மொத்தம் பத்துப் பேர் செத்தார்கள். பெல்பாஸ்ட் எரிந்தது. அங்கே போலீஸ் என்றால் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டாபுலரி, கிட்டத்தட்ட முழுக்கப் புராட்டஸ்டன்ட்களின் படை. அந்த முப்பது வருஷச் சண்டையில் அதில் மட்டும் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். டஃபி அந்தப் படையில் ஒரு கத்தோலிக்கன். அவன் சொந்த ஆட்களுக்கு அவன் துரோகி. அவனைக் கொல்வது மற்றவர்களைக் கொல்வதைவிட மேல் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அவன் மேல் ஒரு ஓரத்தில் சந்தேகம். குடியிருப்பதோ கேரிக்ஃபெர்கஸ் ஊரில் கொரோனேஷன் ரோடு, முழுக்கப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் வாழும் தெரு. மெக்கின்டி தான் வளர்ந்த தெருவிலேயே அவனைக் குடி வைத்திருக்கிறார்.

அந்தத் தெருவில் தினமும் காலையில் நடப்பது இது. டஃபி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வருகிறான். பெரும்பாலும் மழை. கார் பக்கத்தில் வந்ததும் ஏறுவதில்லை. தரையில் முழங்கால் போட்டு, கையை ஊன்றி, காருக்கு அடியில் பார்க்கிறான். பாதரச வெடிகுண்டு இருக்கிறதா என்று. கார் மேட்டில் ஏறினாலோ பள்ளத்தில் இறங்கினாலோ பாதரசம் சாய்ந்து மின்சாரம் இணைந்துவிடும், அவ்வளவுதான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முழங்காலைத் தட்டிவிட்டு ஏறி ஓட்டிக்கொண்டு போகிறான். புத்தகத்துக்குப் புத்தகம், காலைக்குக் காலை இது வருகிறது. மூன்றாவது தடவைக்கு மேல் நமக்கும் பழகிவிடுகிறது, பல் தேய்ப்பது மாதிரி. பழகிவிட்டதே என்று உணர்கிற இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. அக்கம்பக்கத்துக்காரர்கள் அவன் குனிவதைப் பார்த்துக்கொண்டே பால் பாட்டிலை எடுக்கிறார்கள். அவர்களிலேயே ஆயுதக் கும்பல்களோடு தொடர்புள்ளவர்கள் உண்டு. ஆனாலும் தெரு மெல்ல அவனைத் தன்னுடையவன் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த நிதானமான மாற்றத்துக்காகவே இதை வரிசையாகப் படிக்க வேண்டும்.

முதல் நாவல் தொடங்குவது கலவரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதில். ராத்திரி வானத்தில் தீ. அதில் ஒரு அழகு இருக்கிறது என்றே டஃபி நினைக்கிறான். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 11 வயதில் சால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று புகையைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு காரணம், ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கொலையை விசாரிப்பதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியை மெக்கின்டி நேராக எடுக்கிறார். முதல் கதையில் தொடர் கொலைகாரன் ஒருவன் இருக்கலாம் என்று சந்தேகம் வரும்போது, இந்த ஊரில் அப்படி யாரும் இருக்க முடியாது, கொல்ல ஆசையுள்ளவன் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளலாமே என்று பேச்சு வரும். கேட்கும்போது முதுகு சில்லிடும். மூன்றாவது நாவல் இன்னும் மேல். 1983 செப்டம்பரில் மேஸ் சிறையிலிருந்து 38 ஐ.ஆர்.ஏ. கைதிகள் தப்பியதில் தொடங்கி, 1984 அக்டோபரில் பிரதமர் தாட்சர் தங்கியிருந்த பிரைட்டன் ஹோட்டலில் வெடித்த குண்டை நோக்கிப் போகிறது. டஃபி தேட வேண்டிய ஆள் அவனோடு பள்ளியில் படித்தவன். துப்புத் தெரிந்த ஒரு அம்மா, முதலில் என் மகள் எப்படிச் செத்தாள் என்று கண்டுபிடித்துச் சொல், அப்புறம் நான் சொல்கிறேன் என்கிறாள். உள்ளே தாழிட்ட மதுக்கடையில் செத்துக் கிடந்த பெண். விபத்து என்று மூடிய கோப்பு. நாட்டின் பிரதமரைக் கொல்லத் திட்டம் ஒரு பக்கம், ஒரு தாயின் பழைய கேள்வி இன்னொரு பக்கம். டஃபி அந்தக் கேள்விக்குக் கொடுக்கும் உழைப்புதான் எனக்கு இந்தத் தொடரையே பிடிக்க வைத்தது.

குறை இல்லாமல் இல்லை. 1980களின் இங்கிலீஷ் பாட்டும் டிவியும் நமக்குத் தெரியாதது, அவன் ஓயாமல் பேசுகிறான். குடி அதிகம். பெண் பாத்திரங்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். முடிவில் சட்டத்தைத் தன் கையில் எடுக்கிற இடம் எனக்கு உறுத்தியது. வட்டத்தில் அதைப் பற்றியே ஒரு மணி நேரம் சண்டை போடலாம். ஆனால் மொழி எளிது. குட்டிக் குட்டி வாக்கியம். மெதுவாகப் படிக்கிறவர்களுக்கும் ஓடும். போலீஸுக்கு அங்கே 'பீலர்' என்று பெயர் என்பது மாதிரி நாலைந்து சொல் தெரிந்தால் போதும், நான் ஒரு தாளில் எழுதித் தருகிறேன்.

பெரியவர் ஒரு ஆட்சேபம் சொன்னார். நம்ம ஊர்க் கதை கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருக்கும்போது ஐரிஷ்காரன் எதற்கு என்று. அவர் 1960களின் கடைசியில் மாட்டுங்காவில் தென்னிந்திய ஓட்டல்கள் மேல் கல் விழுந்த காலத்தைப் பார்த்தவர். அப்போது பக்கத்து வீட்டு மராட்டிக் குடும்பம் ராத்திரி தன் வீட்டு வாசல் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கொரோனேஷன் ரோடு அதுதான் மாமா என்றேன். சரி, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஆகவே இப்படிப் போகலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஜூனில் 'தி கோல்ட் கோல்ட் கிரவுண்ட்', ஜூலையில் டஃபியின் இரண்டாவது, ஆகஸ்டில் மூன்றாவதான 'இன் தி மார்னிங் ஐ'ல் பி கான்'. செப்டம்பரில் கல்கத்தாவுக்கு வந்து 'தி ஷேடோஸ் ஆஃப் மென்'. மூன்று மாதம் டஃபியோடு இருந்துவிட்டுப் பானர்ஜி தன் வாயால் பேசுவதைக் கேட்டால் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த மாதிரி இருக்கும். முகர்ஜியின் புத்தகங்கள் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் அவ்வப்போது பழசாகக் கிடைக்கின்றன. டஃபியை அங்கே நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும், அதனால் மே மாதமே சொல்லி வையுங்கள். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டேன். முதல் கூட்டத்தில் கார் அடியில் குனிகிற பக்கத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிக்கிறேன்.